குரலுக்கு ஒரு விலாசம்: பாட்காஸ்ட் தொடங்குவோருக்கு

எங்கள் பெரியப்பா ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும், கண்மாய் நிறைந்து உபரிநீர் வெளியேறும் கலுங்கில் தண்ணீர் வழியத் தொடங்கினால் யார் யாருக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 2020 பொதுமுடக்கத்தில் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டி வந்தபோது, இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிடம். குடும்பக் குழுவில் எல்லோரும் கேட்டோம், தெரிந்தவர்களுக்கும் அனுப்பினோம். ஒரு வருடம் கழித்து, நாரைகள் வந்து தங்கும் பருவத்தைப் பற்றி அவர் சொன்னதை மறுபடி கேட்கலாம் என்று தேடினேன். கிடைக்கவில்லை. சிலர் போன் மாற்றியிருந்தார்கள். சிலர் இடம் போதவில்லை என்று அழித்திருந்தார்கள். இருபதுக்கும் மேல் அனுப்பியதில் ஆறு மட்டுமே மிஞ்சின.

குரல் இருந்தது, விஷயம் இருந்தது, கேட்க ஆளும் இருந்தார்கள். விலாசம் மட்டும் இல்லை. "இங்கே வந்தால் எப்போதும் இருக்கும்" என்று ஒருவருக்குக் காட்ட ஓர் இடம் இல்லை. பாட்காஸ்ட் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இப்போது அதைத்தான் சொல்கிறேன்: குரலுக்கு நிரந்தரமாக ஒரு விலாசம் போட்டுக் கொடுப்பது. எந்த மைக் வாங்கலாம் என்ற கேள்வியோடுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். பெரியப்பா பேச்சைப் பாட்காஸ்டாகப் போடலாம் என்று தொடங்கியபோது நானும் அப்படித்தான் போனேன். விலாசம் என்பது என்னவென்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வரிசையில் வந்து நிற்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஃபீட் என்னும் அட்டவணை

பாட்காஸ்டுக்கு இரண்டு உறுப்புகள். ஒன்று, நீங்கள் பேசிய ஒலிக்கோப்பு. அது இணையத்தில் ஏதோ ஒரு கணினியில் இருக்கும். இன்னொன்று, அந்தக் கோப்புகளுக்கான அட்டவணை. இதை ஃபீட் என்கிறார்கள், முழுப்பெயர் ஆர்எஸ்எஸ் (ரியலி சிம்பிள் சிண்டிகேஷன்) ஃபீட். வெறும் எழுத்துக்கோப்புதான். அதில் உங்கள் நிகழ்ச்சியின் பெயர், அட்டைப்படம் இருக்கும் இடம், மொழி ஆகியவை மேலே இருக்கும். கீழே ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு பதிவு: தலைப்பு, தேதி, சிறு விவரம், ஒலிக்கோப்பின் முகவரி, அது எத்தனை பைட், அந்த எபிசோடுக்கே உரிய ஓர் அடையாள எண்.

கேட்பவரின் போனில் இருக்கும் ஆப் அவ்வப்போது அந்த ஃபீட் இருக்கும் முகவரிக்குப் போய், புதிதாக ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும். சேர்ந்திருந்தால் எடுத்து வந்து கொடுக்கும். பத்திரிகைக்குச் சந்தா கட்டியவர் வாசல் திண்ணையில் இதழ் வந்து விழுவது போல. நீங்கள் யாருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டியதில்லை, கேட்பவரும் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகமில்லை. ஆர்எஸ்எஸ் முதலில் எழுத்துக்காகத்தான் இருந்தது. டேவ் வைனர் என்ற மென்பொருளாளர் 2000 டிசம்பரில் அதில் ஓர் இணைப்பு வசதியைச் சேர்த்தார். கடிதத்தோடு ஒரு பொருளையும் உறைக்குள் வைத்து அனுப்புவது மாதிரி, எழுத்துப் பதிவோடு ஓர் ஒலிக்கோப்பின் முகவரியையும் வைத்து அனுப்பலாம் என்றானது. எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியில் தொகுப்பாளராக இருந்த ஆடம் கறி இந்த யோசனையோடு அவரிடம் போனவர். 2003இல் வானொலிக்காரரான கிறிஸ்டோபர் லைடனின் நேர்காணல்கள் இந்த வழியில் வெளிவந்தன. 2004 பிப்ரவரியில் தி கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் 'பாட்காஸ்டிங்' என்ற சொல் வந்தது. பாட்டுக் கேட்க ஆப்பிள் விற்ற ஐபாட் என்ற சிறு கருவியின் பெயரில் பாதியையும், ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பாதியையும் ஒட்டிச் செய்த பெயர். 2005 ஜூனில் ஆப்பிள் தன் பாட்டு மென்பொருளான ஐட்யூன்ஸில் பாட்காஸ்டுக்கு இடம் கொடுத்த பிறகு அது பரவியது. ஐபாட் தயாரிப்பை ஆப்பிள் 2022இல் நிறுத்திவிட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தமிழில் வலையொலி என்றும் எழுதுகிறார்கள், எனக்குப் பிடித்த சொல். ஆனால் பேச்சில் பாட்காஸ்ட் என்றே வழங்குவதால் இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் உங்கள் ஒலிக்கோப்பை வைத்துக்கொள்வதில்லை. அது நூலக அட்டவணை மாதிரி, இன்ன நிகழ்ச்சியின் ஃபீட் இன்ன இடத்தில் இருக்கிறது என்று காட்டிக் கொடுப்பதோடு சரி. கூகுள் பாட்காஸ்ட்ஸ் என்று ஒரு ஆப் 2018இல் வந்து, 2024இல் மூடப்பட்டது. அதில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தங்கள் சந்தாப் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்து வேறு ஆப்புக்குக் கொண்டுபோக முடிந்தது. நிகழ்ச்சி நடத்தியவர்களின் ஃபீடுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடை மூடியது, சரக்கு இருந்த கிடங்கு அப்படியே இருந்தது.

யூடியூபில் போட்டால் பாட்காஸ்ட் ஆகாதா என்று கேட்பார்கள். தமிழில் இப்போது இரண்டு பேர் மைக் முன்னால் உட்கார்ந்து பேசும் வீடியோவைத்தான் பலரும் பாட்காஸ்ட் என்கிறார்கள். கேட்பவர் அங்கே அதிகம் என்றால் அங்கேயும் போடுங்கள், நானும் போடுகிறேன். ஆனால் உங்களுடைய ஒரே விலாசமாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள். ஃபீட் முதலில், யூடியூப் அதன் கிளை.

எழுதி வாசிப்பதில் உள்ள சிக்கல்

யாருக்காகப் பேசுகிறீர்கள் என்பதில் ஒரு முகம் மனதில் வர வேண்டும். "தமிழ் ஆர்வலர்கள்" என்பது முகம் இல்லை. எனக்கு அது மதுரையில் வேலை பார்க்கும் என் சித்தி மகள். ஊரை விட்டு வந்து பதினைந்து வருடம் ஆனவள். கண்மாய் என்றால் தெரியும், கலுங்கு என்றால் யோசிப்பாள். அவளுக்கு எதை விளக்க வேண்டும், எதை விளக்கத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும் என்பதால் பேச்சு தானாகவே நேராகிறது. முதல் எபிசோடை வெளியிடும் முன் மூன்று எபிசோடுக்கான குறிப்பாவது கையில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கினால் இரண்டாவது வர மாதக்கணக்காகும்.

குறிப்பு என்று சொன்னேன், முழு எழுத்து என்று சொல்லவில்லை. தமிழில் பேசுபவர்களுக்கு இது தனியான இடர். நம் எழுத்துத் தமிழ் வேறு, பேச்சுத் தமிழ் வேறு. கட்டுரையாக எழுதி வைத்து வாசித்தால் "சென்றுகொண்டிருந்தார்கள்" என்று வாய் போகும், பள்ளி ஆண்டுவிழா மேடையில் நிற்பது போல ஆகிவிடும். கேட்பவர் காதில் ஹெட்போன் மாட்டிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். அவருக்கு அருகில் உட்கார்ந்து பேசுகிற குரல் வேண்டும். "போயிட்டிருந்தாங்க" என்று சொல்பவர் அப்படியே சொல்லட்டும். வட்டார வழக்கைத் திருத்தவும் வேண்டாம், அதற்காக மன்னிப்பும் கேட்க வேண்டாம். குறிப்புச்சீட்டில் பெயர், வருடம், எண்ணிக்கை, வரிசை ஆகியவற்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் வேண்டுமானால் முழுதாக எழுதி வைக்கலாம், தொடங்கும்போதும் முடிக்கும்போதும்தான் நாக்கு தடுமாறும். அவற்றையும் பேசுகிற மாதிரியே எழுதுங்கள்.

அறை முதலில், மைக் பிறகு

தொடக்கத்தில் நான் செய்த பெரிய தவறு இங்கேதான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து சின்னச் சத்தத்தையும் நுணுக்கமாகப் பிடிக்கும் கண்டென்சர் வகையில் நல்ல மைக் ஒன்று வாங்கினேன். எங்கள் வீட்டு முன்னறையில் வைத்துப் பதிவு செய்தேன். மொசைக் தரை, வெற்றுச் சுவர், கான்கிரீட் கூரை. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல வந்தது. மைக் நன்றாகத்தான் வேலை செய்தது. அறையில் இருந்த எதிரொலி முழுவதையும் ஒன்று விடாமல் பிடித்துக் கொடுத்தது.

அறையை முதலில் சோதித்துப் பாருங்கள். நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய பிறகு ஒரு சிணுங்கல் நீண்டால் அந்த அறை வேண்டாம். மெத்தை போட்ட கட்டில், துணி நிறைந்த கொடி, திரைச்சீலை, அடுக்கி வைத்த நெல் மூட்டை, இவை எல்லாம் ஒலியைத் திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொள்ளும். துணி பீரோவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்து உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டுப் பேசிப் பாருங்கள். வித்தியாசம் உடனே கேட்கும். இன்றும் நான் அப்படித்தான் பதிவு செய்கிறேன்.

அடுத்தது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் உங்கள் குரல் 6 டெசிபெல் குறைகிறது. அறையின் எதிரொலியோ எங்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிறைந்திருக்கிறது. ஆகவே தள்ளிப் போகப் போகக் குரல் சிறுத்து அறை பெருக்கும். நெருங்கி வந்தால் அறை மறையும். டைனமிக் மைக் (இந்த வகையைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) என்றால் நாலு விரற்கடை தூரம், போன் என்றால் அரைச் சாணிலிருந்து ஒரு சாணுக்குள். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றே ஓரமாக, உதட்டோரத்தைப் பார்க்கிற மாதிரி வையுங்கள். நம்முடைய 'ப' ஆங்கிலத்தில் வருகிற அளவுக்குக் காற்றைத் தள்ளுவதில்லை என்பது தமிழில் பேசுபவர்களுக்கு ஒரு வசதி. ஆனாலும் "பெரிய்ய பாம்பு" என்று அழுத்திச் சொல்லும்போது மைக்கில் குத்து விழும்.

டைனமிக், கண்டென்சர் என்ற இரண்டு வகையில் புதியவர்களுக்கு நான் டைனமிக்கையே சொல்வேன். அது அருகிலிருப்பதை மட்டும் நன்றாக எடுக்கும், தெருவில் போகும் காய்கறி வண்டியை அவ்வளவாக எடுக்காது. யூஎஸ்பி வழியாகக் கணினியில் நேரே சொருகும் வகை போதும். இரண்டு பேர் நடந்துகொண்டே பேச வேண்டும் என்றால் காலர் மைக். எதுவுமே வாங்க முடியாவிட்டாலும் கவலையில்லை. போனில் உள்ள ரெக்கார்டர் ஆப், நல்ல அறை, சரியான தூரம் மூன்றும் சேர்ந்தால் விலை கூடிய மைக்கை வெற்றறையில் வைத்து எடுத்ததை விட நன்றாக வரும். ப்ளூடூத் ஹெட்போனின் மைக்கில் மட்டும் பதிவு செய்யாதீர்கள். அழைப்புக்கான முறையில் அது இயங்கும்போது ஒலியின் தரம் மிகவும் சுருங்கிவிடும். கேட்டுப் பார்க்கக் கம்பி உள்ள ஹெட்போன் நல்லது.

மின்விசிறியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சித்திரையில் விசிறியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பேச யாராலும் முடியாது. பத்துப் பத்து நிமிடமாகப் பேசுங்கள், இடையில் விசிறியைப் போட்டு ஆறுங்கள். காலை ஐந்து மணி எனக்கு ஒத்துவந்தது, தெருவும் அமைதி, வெயிலும் இல்லை. மார்கழியில் மட்டும் கோயில் ஒலிபெருக்கி முந்திக்கொள்ளும். போனை ஏர்பிளேன் மோடில் போட மறக்க வேண்டாம்.

பதிவாகும்போது அளவுகாட்டி உச்சத்தில் சுமார் மைனஸ் 12 டெசிபெல் வரை வந்தால் போதும். அந்த அளவுகாட்டியில் சுழியம்தான் உச்சவரம்பு, அதைத் தொட்டு ஒலி வெட்டுப்பட்டால் பிறகு சரிசெய்ய வழியில்லை. குறைவாகப் பதிவானதைக் கூட்டிக்கொள்ளலாம். ஒலியைச் சுருக்காமல் முழுதாகச் சேமிக்கும் வேவ் வடிவத்தில் பதிவு செய்யுங்கள். பேசி முடித்தபின் அப்படியே அசையாமல் முப்பது விநாடி அந்த அறையின் அமைதியையும் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டிய இடங்களில் ஒட்டுப்போடவும் இரைச்சலைக் குறைக்கவும் அது தேவைப்படும்.

'ம்' கொட்டுவதும் கேட்பதும்

நேர்காணல் எடுப்பது பற்றிய ஆங்கிலக் கையேடுகளில் ஒரு அறிவுரை இருக்கும்: எதிரில் இருப்பவர் பேசும்போது நீங்கள் சத்தம் போடாதீர்கள், தலையை மட்டும் அசையுங்கள். பெரியப்பாவிடம் அப்படிச் செய்து பார்த்தேன். மூன்றாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டு, "ஏப்பா, கேக்குறியா இல்லியா?" என்றார். நம் ஊரில் கதை சொல்பவருக்கு ம் கொட்ட ஆள் வேண்டும். ம் வராவிட்டால் கதை நின்றுவிடும். எனவே நான் கண்ட வழி இது: இருவருக்கும் தனித்தனி மைக், தனித்தனி டிராக், அதாவது ஒவ்வொருவர் குரலும் தனித் தடத்தில். ம் கொட்டுவதைத் தாராளமாகக் கொட்டுவேன். எடிட் செய்யும்போது என் டிராக்கில் அளவைக் குறைத்து, நான்கில் ஒன்றை மட்டும் விட்டுவைப்பேன். முழுவதும் எடுத்துவிட்டால் அவர் சுவரிடம் பேசுவது போல் இருக்கிறது.

பெரியவர்களிடம் "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் ஒன்றும் வராது. "மடையைத் திறக்க உள்ளே இறங்குறப்ப முதல்ல எந்தக் காலை வைப்பீங்க?" என்று கேட்டால் அரை மணி நேரம் வரும். எங்கள் ராமநாதபுரம் பக்கமான சேதுபதிச் சீமையில் ராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று சொல்வார்கள். அதன் பொருளைக் கேட்டால் பலரும் சொல்லிவிடுவார்கள். நாற்பத்தெட்டில் நீங்கள் பார்த்தது எது, யாரோடு போனீர்கள் என்று கேட்டால் அவரவர் கதை வெளியே வரும்.

பதிவு தொடங்கியதும் முதல் வேலையாக, இதை எல்லோரும் கேட்கும்படி வெளியிடப் போகிறேன், சம்மதமா என்று கேட்டு அவர் சொல்லும் பதிலையும் பதிவு செய்துவிடுங்கள். நிலத்தகராறு, சாதிச் சண்டை, இன்னொரு வீட்டுச் சங்கதி ஏதாவது பேச்சில் வந்தால் வெளியிடும் முன் அவருக்குப் போட்டுக் காட்டி மறுபடி கேளுங்கள். பேச்சு வேகத்தில் சொன்னது ஊர் முழுக்கக் கேட்கும் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியிருக்காது.

வெளியூரில் இருப்பவரோடு பேச வேண்டுமானால் அழைப்பை அப்படியே பதிவு செய்வதை விட, அவரவர் பக்கத்தில் அவரவர் போனில் தனியாகப் பதிவு செய்து, கோப்பைப் பிறகு வாங்கிச் சேர்ப்பது நல்லது. தொடக்கத்தில் இருவரும் ஒன்றாக ஒருமுறை கை தட்டினால் இரண்டையும் பொருத்த எளிது. கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

வெட்டுதல்

எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி போதும். 2000ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. முதல் வேலை, பேச்சு எங்கே சூடு பிடிக்கிறது என்று கேட்பது. பெரும்பாலும் அது நாலாவது, ஐந்தாவது நிமிடத்தில் இருக்கும். அதற்கு முன்னால் உள்ள வணக்கம், வானிலை, "என்ன சொல்றது" எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். திரும்பத் திரும்ப வருவதை எடுக்கலாம். மூச்சை எடுக்காதீர்கள். ஒருவர் யோசிக்க எடுத்துக்கொள்ளும் மௌனத்தை முழுக்க எடுக்காதீர்கள். எனக்கு இருபது நிமிட எபிசோடை வெட்ட இரண்டு மணி நேரம் ஆகிறது. முதல் எபிசோடுக்கு ஒரு வாரம் ஆனது.

வெட்டி முடித்தபின் ஒலியளவு. பேருந்தில் உட்கார்ந்து கேட்பவர் ஒவ்வொரு ஆள் மாறும்போதும் வால்யூம் பொத்தானைத் தேடக் கூடாது. இதற்கென்று எல்யூஎஃப்எஸ் என்றொரு அளவு உண்டு. காதுக்கு மொத்தமாக எவ்வளவு சத்தமாகத் தோன்றும் என்பதை அளப்பது. ஆப்பிள் கேட்பது மைனஸ் 16ஐ ஒட்டி. உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. ஆடாசிட்டியில் லவுட்னஸ் நார்மலைசேஷன் என்ற இடத்தில் மைனஸ் 16 என்று கொடுத்தால் சத்தம் அந்த அளவுக்கு வந்துவிடும், உச்சத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இரைச்சல் குறைக்கும் வசதியைக் கொஞ்சமாக மட்டும் பயன்படுத்துங்கள். அதிகமானால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும்.

பின்னணியில் சினிமாப் பாட்டு வேண்டாம். பத்து விநாடிக்குள் போட்டால் தவறில்லை என்று பலர் நம்புகிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு விநாடிக் கணக்கு கிடையாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இசை கிடைக்கும், நிபந்தனையைப் படித்துவிட்டு எடுங்கள். அதை விட எனக்குப் பிடித்தது, ஊரில் நாதஸ்வரமோ பறையோ வாசிப்பவரிடம் அனுமதி கேட்டு, காசு கொடுத்து இருபது விநாடி வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்வது. அந்த ஒலி வேறு எந்த நிகழ்ச்சியிலும் இருக்காது.

கடைசியாக எம்பி3யாக மாற்றுகிறோம். அரை மணி நேரப் பேச்சு மோனோவாக, அதாவது ஒரே தடத்தில், வேவ் வடிவில் சுமார் 159 எம்பி வரும். 128 கேபிபிஎஸ் (ஒரு விநாடிக்கு எத்தனை கிலோபிட் என்ற கணக்கு) எம்பி3யில் அது 28.8 எம்பி, 64 கேபிபிஎஸ் மோனோவில் 14.4 எம்பி. இசை அதிகமில்லாத பேச்சுக்கு 64 போதும், மனது கேட்காவிட்டால் 96 வையுங்கள். ஒரு நாள் டேட்டாவை எண்ணிச் செலவழிப்பவரும் நம் நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும். மூல வேவ் கோப்பை அழிக்காதீர்கள். இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்திருங்கள்.

விலாசம் எடுப்பது

இப்போது கோப்பையும் ஃபீடையும் வைத்துக்கொள்ள ஓர் ஹோஸ்டிங் சேவை வேண்டும். கோப்பை ஏற்றித் தலைப்பும் விவரமும் கொடுத்தால் ஃபீடை அதுவே எழுதிவிடும். ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் இலவசம். ஆங்கர் என்ற பெயரில் தொடங்கி, 2019இல் ஸ்பாட்டிஃபை வாங்கிய சேவை அது. மாதக் கட்டணம் வாங்கும் சேவைகளும் பல உண்டு. எதைத் தேர்ந்தாலும் சேரும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: நாளை நான் வேறிடத்துக்குப் போனால் என் பழைய ஃபீட் முகவரிக்கு வருபவர்களைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பி அனுப்புவீர்களா? 301 என்று இதற்கு ஓர் எண் வைத்திருக்கிறார்கள். தபால்காரரிடம் புது வீட்டு முகவரி எழுதிக் கொடுத்துவிட்டு வீடு மாறுவது மாதிரி. நான் முதலில் சேர்ந்த இடத்தில் இதைக் கேட்கவில்லை. மாறியபோது அவர்கள் திருப்பிவிடவில்லை. அதுவரை தொடர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பழைய முகவரியிலேயே நின்றுவிட்டார்கள், புது எபிசோட் வந்தது அவர்களுக்குத் தெரியவே இல்லை.

அட்டைப்படம் சதுரமாக, 3000க்கு 3000 பிக்சலில், ஜேபெக் அல்லது பிஎன்ஜியாக இருக்கட்டும். கணினியில் பெரிதாக வைத்து வரையும்போது அழகாக இருக்கும், போனில் அது கட்டைவிரல் நகம் அளவுக்கு வரும். தமிழ் எழுத்தில் கொம்பும் சுழியும் புள்ளியும் உண்டு என்பதால் சிறுக்கும்போது சீக்கிரம் அடைத்துப்போகும். இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் வேண்டாம், எழுத்து தடிமனாக இருக்கட்டும்.

நிகழ்ச்சியின் மொழியைத் தமிழ் என்று குறிப்பிட மறக்காதீர்கள். விட்டுவிட்டால் பல இடங்களில் ஆங்கிலம் என்றே பதிவாகும். தலைப்பைத் தமிழில் எழுதுங்கள். ஆனால் தேடுபவர் பலர் தமிழ்ச் சொல்லை ரோமன் எழுத்தில் தட்டித்தான் தேடுகிறார்கள், அதனால் விவரத்தில் ஓரிடத்திலாவது ஊர்ப்பெயரையும் நிகழ்ச்சிப் பெயரையும் அப்படியும் எழுதி வையுங்கள். மின்னஞ்சல் கேட்பார்கள், ஃபீடில் அது எல்லோர் கண்ணிலும் படக்கூடும். இதற்கென்று புதிதாக ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு நிமிட முன்னோட்டம் ஒன்றை ஏற்றுங்கள். ஃபீடில் ஒரு எபிசோடாவது இருந்தால்தான் ஆப்கள் ஏற்கும். பிறகு ஆப்பிள், ஸ்பாட்டிஃபை, அமேசான் மியூசிக், யூடியூப் ஒவ்வொன்றிலும் கணக்கு தொடங்கி ஃபீட் முகவரியைக் கொடுக்க வேண்டும். ஃபீடில் உள்ள உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீட்டை அனுப்பி அதைக் கேட்கலாம், ஃபீட் உங்களுடையதுதானா என்று பார்க்கிறார்கள். இதை ஒருமுறை செய்தால் போதும். அடுத்த எபிசோடை ஹோஸ்டிங்கில் ஏற்றியதும் அவை தாமாகவே எடுத்துக்கொள்ளும்.

எண்ணிக்கையைப் பற்றி ஒன்று. ஹோஸ்டிங் காட்டுவது பெரும்பாலும் பதிவிறக்கங்களின் எண்ணிக்கையை. இறங்கிய கோப்பை ஒருவர் கேட்டார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. முதல் சில மாதங்களில் அந்தப் பக்கத்தைத் திறக்காமல் இருப்பது மனதுக்கு நல்லது.

நம் வீட்டுப் பெரியவர்களில் பலருக்குப் பாட்காஸ்ட் ஆப் என்று ஒன்று போனில் இருப்பதே தெரியாது. அவர்களுக்கு உலாவியிலேயே திறக்கிற லிங்க் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நேரில் பார்க்கும்போது போனை வாங்கி, ஆப்பை முகப்புப் பக்கத்தில் வைத்து, தொடர்வதற்கான பொத்தானை நீங்களே அழுத்திக் கொடுங்கள். பெரியப்பாவுக்கு அப்படித்தான் செய்தேன். அடுத்த வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. "ஏப்பா, மூணாவதுல கலுங்கு ஒடஞ்ச வருசத்த மாத்திச் சொல்லிட்டேன். எழுவத்தேழுன்னேன், எழுவத்தெட்டுப்பா. திருத்திப் போடு."

இப்படி வரும்போது அந்த எபிசோடை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றாதீர்கள். அழித்தால் அடையாள எண் மாறும், தொடர்பவர்களுக்கெல்லாம் அதே எபிசோட் புதியது போல இன்னொரு முறை வந்து நிற்கும். பழைய பதிவுக்குள்ளேயே போய் ஒலிக்கோப்பை மட்டும் மாற்றுங்கள், எண் அப்படியே இருக்கும். ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவர் போனில் பழையதுதான் இருக்கும் என்பதால் விவரத்தில் திருத்தத்தைத் தேதியோடு எழுதுங்கள், அடுத்த எபிசோடின் தொடக்கத்திலும் சொல்லிவிடுங்கள். நாலாவது எபிசோடில் அந்தத் திருத்தத்தைப் பெரியப்பாவே தன் வாயால் சொன்னார்.